எந்தத் தேதியில் மறுபடியும் பிறந்தீர்கள்? – கேள்வி பதில்

பைபிளில் யோவான் சுவிசேஷம் 3ஆம் அதிகாரத்தைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறையவே கேட்டுவிட்டீர்கள். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து எழுதுகிறேன். என்னைத் தெரியாதவர்களுக்கு: முப்பது வருஷம் பிரசவ வார்டில் நர்ஸாக இருந்தேன். இப்போது எங்கள் சி.எஸ்.ஐ. சபையில் திடப்படுத்தல் (கன்ஃபர்மேஷன்) வகுப்பு எடுக்கிறேன். அந்த அதிகாரத்தைப் படிக்காதவர்களுக்குக் கதைச் சுருக்கம்: நிக்கொதேமு என்ற பரிசேயர் (மதச் சட்டத்தைக் கறாராகப் பிடிக்கும் யூதப் பிரிவைச் சேர்ந்தவர்), யூதர்களில் பெரிய மனுஷர், ராத்திரியில் இயேசுவைப் பார்க்க வருகிறார். "ஒருவன் மறுபடியும் பிறவாவிட்டால் தேவனுடைய ராஜ்யத்தைக் காணமாட்டான்" என்கிறார் இயேசு. வயதானவன் எப்படித் தாயின் வயிற்றுக்குள் மறுபடி போக முடியும் என்று கேட்கிறார் நிக்கொதேமு.

கேள்வி: அக்கா, நான் இந்து. ஆபீஸ் தோழி "நான் மறுபடியும் பிறந்தவள்" என்கிறாள். மறுபிறவி கிடையாது என்றும் அவளே சொல்கிறாள். எது சரி?

இரண்டும் சரி. செத்த பிறகு இன்னொரு உடம்பில் பிறப்பது கிறிஸ்தவத்தில் இல்லை. மனுஷர் சாவது ஒரே தரம் என்கிறது பைபிளில் உள்ள எபிரெயர் நிருபம். உங்கள் தோழி சொல்வது, இதே உடம்பில், இந்த ஆயுசுக்குள்ளேயே, கடவுளுடைய பிள்ளையாகப் புதிதாகத் தொடங்கும் வாழ்க்கையை. உங்கள் குழப்பத்தில் தமிழ் பைபிளுக்கும் பங்கு உண்டு. பழைய மொழிபெயர்ப்பில் தீத்து 3:5-ஐப் பாருங்கள், "மறுஜென்ம முழுக்கு" என்றே இருக்கும். முன்ஜென்மத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கேள்வி: டீச்சர், "மறுபடியும்" என்பது தப்பு, "மேலிருந்து" என்பதுதான் சரி என்று ஒரு போதகர் பிரசங்கத்தில் சொன்னார். உண்மையா?

கிரேக்கத்தில் இருக்கும் சொல் அனோதென். அதற்கு இரண்டு அர்த்தமும் உண்டு. யோவானே அதே சொல்லை வேறு இடங்களிலும் எழுதுகிறார். தமிழில் படித்தால் கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் ஒவ்வொரு இடத்திலும் வேறு வேறு மாதிரி பெயர்த்திருக்கிறார்கள். 3:31-ல் "உன்னதத்திலிருந்து வருகிறவர்". ரோம ஆளுநர் பிலாத்துவிடம் இயேசு பேசும்போது "பரத்திலிருந்து". சிலுவையடியில் சேவகர்கள் சீட்டுப் போட்ட தையலில்லாத அங்கி "மேலே தொடங்கி" நெய்யப்பட்டது. எல்லாமே அனோதென்தான்.

அதனால் "மேலிருந்து" என்பதற்கு பலம் அதிகம். ஆனால் "மறுபடியும்" தப்பு என்று சொல்ல மாட்டேன். நிக்கொதேமு அந்த அர்த்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் தாயின் வயிற்றுக்குப் போகிறார். சொல்லுக்கு இரண்டு முகம் இல்லாவிட்டால் அந்த உரையாடலே நடக்காது. தமிழில் இரண்டையும் ஒரே சொல்லில் கொண்டுவர வழியில்லை, மொழிபெயர்ப்பாளர்களைத் திட்டாதீர்கள்.

கேள்வி: சிஸ்டர், எனக்குக் குழந்தையிலேயே ஞானஸ்நானம் கொடுத்துவிட்டார்கள். அது செல்லாது, முழுக்கு எடுத்தால்தான் மறுபிறப்பு என்று பெந்தெகொஸ்தே நண்பன் சொல்கிறான்.

இது வீட்டுக்கு வீடு நடக்கும் சண்டை. "ஜலத்தினாலும் ஆவியினாலும்" பிறக்க வேண்டும் என்று இயேசு சொல்கிறாரே, அந்த ஜலம் எது என்பதில் தொடங்குகிறது. கத்தோலிக்கர், ஆர்த்தடாக்ஸ், லூத்தரன் சபையார் எல்லாருக்கும் அந்தப் பிறப்பு நடக்கும் இடம் ஞானஸ்நானத் தண்ணீர். ரோமில் லாத்தரன் பேராலயத்துக்குப் பக்கத்தில் எட்டுப் பட்டையாக ஒரு ஞானஸ்நான மண்டபம் இருக்கிறது. 5ஆம் நூற்றாண்டில் அதில் பொறித்த லத்தீன் வரிகள், திருச்சபையாகிய தாய் தேவனுடைய ஆவியால் கருத்தரித்துத் தண்ணீரில் பிள்ளை பெறுகிறாள் என்கின்றன. பாப்டிஸ்ட், பெந்தெகொஸ்தே சபையாருக்கோ முதலில் விசுவாசம், பிறப்பு அங்கேயே முடிந்தது, முழுக்கு அதற்கு ஊரறியச் சாட்சி.

தண்ணீரா ஆவியா, எது முதலில் என்று, ஆதிச் சபையின் கதையைச் சொல்லும் அப்போஸ்தலர் நடபடிகளைத் திறந்தால் இன்னும் வேடிக்கை. 8ஆம் அதிகாரத்தில் சமாரியர் ஞானஸ்நானம் பெற்றுவிட்டார்கள், ஆவி பிறகுதான் வருகிறது. 10ஆம் அதிகாரத்தில் கொர்நேலியு வீட்டில் ஆவி முதலில் இறங்கிவிடுகிறது, அப்புறம்தான் தண்ணீர் தேடுகிறார்கள்.

என் எண்ணம்: அந்த ஜலத்துக்கு எசேக்கியேல் 36-ல் வேர் இருக்கிறது. சுத்தமான தண்ணீர் தெளிப்பேன், கல்லான இருதயத்தை எடுத்துவிட்டுச் சதையான இருதயம் தருவேன், என் ஆவியை உள்ளே வைப்பேன் என்று கடவுள் சொல்லும் இடம். "நீ இஸ்ரவேலில் போதகன், இது தெரியாதா?" என்று நிக்கொதேமுவை இயேசு கேட்டது அதனால்தான் என்று நினைக்கிறேன். உங்கள் ஞானஸ்நானம் செல்லும், தம்பி. இன்னொன்று எடுக்காதீர்கள். நண்பனோடு சண்டையும் வேண்டாம்.

கேள்வி: "எந்தத் தேதியில் இரட்சிக்கப்பட்டீங்க?" என்று ஜெபக் கூட்டத்தில் கேட்கிறார்கள். சாட்சி சொல்ல எனக்குத் தேதியே இல்லை. நான் மறுபடியும் பிறக்கவில்லையா?

அதிகம் பேர் கேட்டது இதைத்தான். என் அப்பாவின் சர்டிஃபிகேட்டில் பிறந்த தேதி ஜூன் 1. உண்மையான தேதி ஆத்தாவுக்கே தெரியாது. மழைக்காலம், நெல் அறுப்புக்கு முன்னால் என்பார். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது தலைமையாசிரியர் போட்ட தேதி அது. அந்த வரிசையில் பாதிப் பேருக்கு ஜூன் 1தான். அதற்காக என் அப்பா பிறக்கவில்லை என்று யாரும் சொன்னதில்லை.

வார்டில் பிள்ளை வெளியே வந்ததும் முதலில் கடிகாரத்தைப் பார்ப்போம், நேரத்தைக் குறிப்போம். அது எங்கள் வேலை. பிள்ளைக்கு அந்த நேரம் தெரியாது. அழவில்லை என்றால் முதுகைத் தேய்ப்போம், உள்ளங்காலைச் சுண்டுவோம். நேரம் எழுதியாயிற்று என்பதற்காக மூச்சு விடாத பிள்ளையை யாரும் விட்டுவிடுவதில்லை.

ஆட்டோவிலேயே பிறந்த பிள்ளைகள் உண்டு. அப்போஸ்தலர் பவுல் அப்படி, தமஸ்குக்குப் போகிற வழியில் திடீரென்று மனம் மாறியவர். இரண்டு நாள் வலிக்குப் பிறகு பிறந்தவையும் உண்டு. பவுலின் சீடன் தீமோத்தேயுவுக்குத் தேதியே காணோம். பாட்டி லோவிசாள், அம்மா ஐனிக்கேயாள், அவர்களிடம் இருந்த விசுவாசம் அவனிடமும் இருக்கிறது என்று மட்டும் பவுல் எழுதுகிறார்.

தேதி உள்ளவர் ஒருவரையும் சொல்கிறேன். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி. 1738 மே 24, லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெரு, இரவு ஒன்பதுக்குக் கால் மணி முன்பு. ரோமர் நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முன்னுரையை ஒருவர் வாசிக்கும்போது தன் இருதயம் விநோதமாக அனல் கொண்டது என்று எழுதிவைத்தார். அதற்குப் பத்து வருஷம் முன்பே குருப்பட்டம் பெற்றவர் அவர். இதை எல்லாரும் சாட்சியில் சொல்வார்கள். 1739 ஜனவரியில் அதே நாட்குறிப்பில் "நான் இப்போது கிறிஸ்தவனல்ல" என்று எழுதியதை யாரும் சொல்வதில்லை.

கேள்வி: மறுபடியும் பிறந்த பிறகும் வீட்டில் கத்துகிறேன், பொய் சொல்கிறேன். அப்படியென்றால் நடந்தது பொய்யா?

"அமேஸிங் கிரேஸ்" பாட்டை எழுதிய ஜான் நியூட்டன் 1748-ல் கடல் புயலில் மாட்டிக் கடவுளைக் கூப்பிட்டவர். அதற்குப் பிறகு என்ன செய்தார் தெரியுமா? அடிமைக் கப்பலுக்குக் கேப்டனாகப் போனார். 1754-ல் உடம்பு முடியாமல்தான் கடலை விட்டார். அந்த வியாபாரத்தைக் கண்டித்து அவர் புத்தகம் போட்டது 1788-ல், புயலுக்கு நாற்பது வருஷம் கழித்து. அந்தப் புயல் நாளில் தான் முழு அர்த்தத்தில் விசுவாசியாகிவிட்டதாக அவரே எண்ணவில்லை. நாற்பது வருஷம் எடுத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லவில்லை. அந்தக் கப்பலில் அடைபட்டவர்களுக்கு அது ரொம்ப நீளம். நீங்கள் இன்று வீட்டில் மன்னிப்புக் கேளுங்கள்.

கேள்வி: இதற்கு நான் என்ன செய்ய வேண்டும்? வழிமுறை இருக்கிறதா?

எந்தப் பிள்ளையும் தன்னைத்தானே பெற்றுக்கொண்டதில்லை. காற்று இஷ்டமான இடத்தில் வீசுகிறது என்கிறார் இயேசு. காற்றுக்கும் ஆவிக்கும் கிரேக்கத்தில் ஒரே சொல், நியூமா. நமக்கு ஆவி என்றால் இட்லிப் பானை முதல் பேய் வரை போகும், காற்று மட்டும் விட்டுப்போகும். கொஞ்சம் கீழே வனாந்தரத்தில் மோசே கம்பத்தில் உயர்த்திய வெண்கலச் சர்ப்பத்தைச் சொல்கிறார். பாம்பு கடித்தவர்கள் அதை நிமிர்ந்து பார்த்தார்கள், பிழைத்தார்கள். நம் பக்கம் அவ்வளவுதான்.

கேள்வி: கடைசியில் நிக்கொதேமு மறுபடியும் பிறந்தாரா?

யோவான் சொல்லவில்லை. 7ஆம் அதிகாரத்தில், ஒருவனை விசாரிக்காமல் தீர்ப்புச் சொல்லலாமா என்று ஆலோசனை சங்கத்தில் ஒரு கேள்வி கேட்டு, வாங்கிக் கட்டிக்கொள்கிறார். அப்புறம் 19-ல், சீஷர்கள் பயந்து ஒளிந்திருக்கும் நேரத்தில், இயேசுவை அடக்கம் பண்ண வருகிறார். கையோடு வெள்ளைப்போளமும் கரியபோளமும் (உடலோடு வைக்கும் வாசனைப் பொருள்கள்) கலந்து நூறு இராத்தல், கிட்டத்தட்ட 33 கிலோ. ராத்திரி வந்த அதே ஆள் என்று யோவான் அங்கேயும் நினைவுபடுத்துகிறார். இந்தத் தடவை ஓய்வுநாள் தொடங்குவதற்குள் முடிக்க வேண்டிய வேலை, பொழுது சாய்வதற்குள் வந்துவிட்டார்.