ஓய்வுக்குப் பிறகு ஏறும் பிரீமியம்: பழைய பாலிசியை விட்டு மாறலாமா?

கும்பகோணம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "தனியார் ஆலையில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றேன். எனக்கு 68 வயது, மனைவிக்கு 63. எனக்குச் சர்க்கரை, அவளுக்கு இரத்தக் கொதிப்பு. இருவருக்கும் சேர்த்து 5 லட்சம் ரூபாய்க்கு ஒன்பது வருடமாக மருத்துவக் காப்பீடு கட்டி வருகிறேன். இந்த முறை பிரீமியம் 54,000 ரூபாய் என்று நோட்டீஸ் வந்திருக்கிறது. வேறு கம்பெனியில் 36,000க்கு முடித்துத் தருகிறேன், மாதத் தவணையும் உண்டு என்கிறார் தெரிந்த ஏஜெண்ட் ஒருவர். மாறலாமா? மாதச் சுமை குறைய வேறு வழி இருக்கிறதா?"

ஏஜெண்ட் நீட்டும் படிவம் எது என்று முதலில் பாருங்கள். புதிய பாலிசிக்கான விண்ணப்பமா, பழைய பாலிசியின் சலுகைகளை விடாமல் வேறு கம்பெனிக்கு மாறும் 'போர்ட்' விண்ணப்பமா? எல்லாமே இதில்தான் இருக்கிறது. புதிய பாலிசி என்றால், ஏற்கெனவே இருக்கும் சர்க்கரைக்கும் அதனால் வரும் சிக்கல்களுக்கும் காப்பீட்டுப் பணம் (கிளைம்) கிடைக்க மூன்று வருடம் வரை காத்திருக்க வேண்டியிருக்கும். இன்னொன்றும் போய்விடும். ஐந்து வருடம் விடாமல் கட்டிய பாலிசியில், மோசடி என்று நிரூபித்தால் ஒழிய, "நோயைச் சொல்லவில்லை" என்று காரணம் காட்டி கிளைமை மறுக்க முடியாது. ஒன்பது வருடம் கட்டிய உங்களுக்கு அந்தப் பாதுகாப்பு இன்றைக்கு இருக்கிறது. 18,000 ரூபாய் மிச்சத்துக்காக அதை விட்டுக்கொடுப்பது நஷ்டம் என்பதுதான் என் கருத்து.

போர்ட் என்றால் இதுவரை நீங்கள் கடந்த காத்திருப்புக் காலம், பழைய காப்பீட்டுத் தொகை அளவுக்குக் கூடவே வரும். புதுப்பிக்கும் தேதிக்கு 45 நாளுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் உங்களை ஏற்பதும் மறுப்பதும் புதிய கம்பெனியின் கையில்தான் இருக்கிறது. சர்க்கரை என்றதும் சில கம்பெனிகள் தயங்கும். ஏற்றுக்கொண்டோம் என்று எழுத்தில் வரும்வரை பழைய பாலிசியைக் காலாவதியாக விடவே கூடாது. இன்னொரு விஷயம், படிவத்தில் சர்க்கரையையும் கொதிப்பையும் மறைக்கச் சொல்லும் ஏஜெண்டிடம் அதோடு பேச்சை நிறுத்திவிடுங்கள்.

சரி, இருக்கிற பாலிசியிலேயே எப்படிக் குறைப்பது? நோட்டீஸை எடுத்துப் பாருங்கள். தனிநபர், குடும்ப மருத்துவக் காப்பீட்டுக்கு இருந்த 18 சதவீத ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் இல்லை. அந்த வரி இன்னும் சேர்ந்திருந்தால் கேளுங்கள். 60 வயது தாண்டியவர்களுக்குப் பிரீமியத்தை ஒரே வருடத்தில் 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றுவதானால் முன்கூட்டித் தன்னிடம் கலந்துகொள்ள வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2025 ஜனவரியில் கம்பெனிகளுக்கு உத்தரவிட்டது. போன வருட ரசீதையும் இந்த வருட நோட்டீஸையும் பக்கத்தில் வையுங்கள். ஏற்றம் அதற்கு மேல் போனால் காரணத்தை மின்னஞ்சலில் கேளுங்கள். போனில் கேட்டால் பதிவு இருக்காது.

அப்புறம், பாலிசியில் உள்ள முகவரி. சென்னையில் இருக்கும் மகன் எடுத்துக் கொடுத்த பாலிசிகளில் பெரும்பாலும் சென்னை முகவரிதான் இருக்கும். பல கம்பெனிகள் ஊரை வைத்து மண்டலம் பிரித்துப் பிரீமியம் போடுகின்றன. பெருநகர மண்டலத்துக்கு அதிகம், கும்பகோணம், திருவாரூர் போன்ற ஊர்களுக்குக் குறைவு. நீங்கள் குடியிருப்பது இங்கே என்றால் முகவரியை மாற்றக் கேட்கலாம். ஆனால் சில பாலிசிகளில், குறைந்த மண்டலத்தில் கட்டிவிட்டுச் சென்னையில் சிகிச்சை பெற்றால் பில்லில் ஒரு பங்கை நாமே கொடுக்க வேண்டும். தஞ்சாவூர், திருச்சியோடு உங்கள் வைத்தியம் முடிந்துவிடும் என்றால் முகவரி மாற்றம் லாபம்தான்.

பிரீமியத்தைக் குறைக்கும் பெரிய கருவிகள் இரண்டு: கோ-பே, டிடக்டிபிள். கோ-பே என்றால் ஒவ்வொரு பில்லிலும் ஒரு சதவீதம் நம்முடையது. 20 சதவீதம் ஒப்புக்கொண்டவருக்கு 4 லட்சம் பில் வந்தால் 80,000 ரூபாய் கையிலிருந்து போகும். நம் ஊரில் அந்தப் பணம் நகையை அடகு வைத்துத்தான் வரும். பில் பெரிதாகப் பெரிதாக நம் பங்கும் பெரிதாகும் என்பதால் ஓய்வு பெற்றவர்களுக்கு கோ-பேயை நான் பரிந்துரைப்பதில்லை. டிடக்டிபிள் அப்படியல்ல. வருடத்தில் முதல் 50,000 என் பொறுப்பு, மேலே வருவது கம்பெனியுடையது என்று நம் பங்குக்கு முன்பே ஒரு வரம்பு வைத்துவிடலாம். அந்த 50,000ஐ வங்கியில் தனி வைப்பாகப் போட்டு வைத்தால் நடு இரவில் ஆஸ்பத்திரிக்கு ஓடினாலும் கடன் கேட்டு நிற்க வேண்டாம்.

இதே கணக்கின் பெரிய வடிவம்தான் சூப்பர் டாப்-அப். இதை வாங்கும்போது பெயரில் 'சூப்பர்' இருக்கிறதா என்று கவனியுங்கள். உதாரணத்துக்கு, 5 லட்சத்துக்கு மேல் வருவதைத் தரும் பாலிசி என்று வைப்போம். ஒரே வருடத்தில் 3 லட்சத்துக்கு ஒரு முறை, 4 லட்சத்துக்கு ஒரு முறை ஆஸ்பத்திரியில் சேர்ந்தீர்கள். வெறும் டாப்-அப் ஒவ்வொரு பில்லையும் தனியாகப் பார்க்கும். இரண்டுமே 5 லட்சத்தைத் தாண்டாததால் ஒரு ரூபாயும் வராது. சூப்பர் டாப்-அப் இரண்டையும் கூட்டி 7 லட்சம் என்று பார்த்து 2 லட்சம் தரும். முதலில் நம் பொறுப்பாக விடப்படும் தொகை பெரிதாக இருப்பதால் இதன் பிரீமியம் முழு பாலிசியைவிட நன்றாகக் குறையும். ஆனால் அதுவும் புதிய பாலிசிதான், பழைய நோய்க்குக் காத்திருப்புக் காலம் அதற்கும் உண்டு. ஆகவே இந்த வருடமே அடிப்படைப் பாலிசியை 5 லட்சத்திலிருந்து 3 லட்சமாக்கிவிட்டு மீதிக்கு சூப்பர் டாப்-அப்பை நம்பாதீர்கள். முடிந்தால் முதலில் அதை வாங்குங்கள், காத்திருப்புக் காலம் முடிந்தபின் அடிப்படையைக் குறையுங்கள்.

அறை வாடகை வரம்பை ஏற்றுக்கொண்டாலும் பிரீமியம் குறையும். அதில் ஒரு கண்ணி இருக்கிறது. நாளுக்கு 5,000 ரூபாய் வரம்பு உள்ளவர் 8,000 ரூபாய் அறையில் தங்கினால் வித்தியாசம் 3,000 மட்டும் என்று நினைப்பார். உண்மையில் டாக்டர் கட்டணம், அறுவை அரங்கு, நர்ஸிங் போன்றவையும் எட்டில் ஐந்து பங்காகக் குறைக்கப்படும். அவை 1,20,000 என்றால் 75,000தான் வரும். மருந்துக்கும் பரிசோதனைக்கும் இந்த வெட்டு இல்லை. வரம்புள்ள பாலிசியை எடுக்கலாம், ஆனால் சேர்க்கும்போதே "இந்த வாடகைக்குள் அறை கொடுங்கள்" என்று கவுண்டரில் சொல்ல வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

இனி அரசுத் திட்டங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வருடத்துக்கு 5 லட்சம் வரை சிகிச்சை உண்டு, பிரீமியம் கிடையாது. 'நமக்கெல்லாம் கிடைக்காது' என்று ஆலை ஓய்வூதியர்கள் பலர் தாங்களே ஒதுங்கிவிடுகிறார்கள். பி.எஃப். பென்ஷனும் கொஞ்சம் குத்தகையும் மட்டுமே வருமானமாக உள்ளவர்கள் தகுதிக்குள் வரக்கூடும். கிராம நிர்வாக அலுவலரிடம் வாங்கிய வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றோடு ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்தில் கேளுங்கள். இது தவிர, 70 வயது நிறைந்த எவருக்கும் வருமானம் பார்க்காமல் 5 லட்சம் தரும் ஆயுஷ்மான் வய வந்தனா திட்டத்தை மத்திய அரசு 2024 அக்டோபரில் தொடங்கியது. தனியார் பாலிசி வைத்திருப்பது அதற்குத் தடையில்லை. உங்களுக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. மனைவிக்கு அவருடைய 70 வயதில்தான் வரும், உங்கள் அட்டை அவரைச் சேர்க்காது.

இந்தத் திட்டங்களில் பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரியும் பட்டியலில் உள்ள சிகிச்சையும்தான். அதனால் சொந்தப் பாலிசியை உடனே விட்டுவிடச் சொல்ல மாட்டேன். அரசு அட்டை கையில் இருந்தால் பெரிய டிடக்டிபிளை இன்னும் துணிந்து எடுக்கலாம், அவ்வளவுதான்.

மாநில அரசு ஓய்வூதியர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு. 2022 ஜூலையில் தொடங்கிய அவர்களுடைய திட்டத்தில் மாதம் 497 ரூபாய் பென்ஷனிலேயே பிடிக்கப்பட்டது, வாழ்க்கைத் துணைக்கும் சேர்த்து. உங்கள் மனைவியோ நீங்களோ அதில் வருகிறீர்களா என்று ஒரு முறை யோசியுங்கள். ஓய்வுபெற்ற ஆசிரியையின் கணவர் தனியாக முழுப் பாலிசிக்கும் பணம் கட்டுவது நடக்கிற விஷயம்தான்.

மாதத் தவணை பற்றிக் கேட்டீர்கள். மாதத் தவணைக்குக் கெடு தாண்டினால் 15 நாள்தான் அவகாசம். வங்கிக் கணக்கில் 200 ரூபாய் குறைந்து தவணை திரும்பி, அதைக் கவனிக்காமல் விட்டால் ஒன்பது வருடக் கட்டலும் போய்விடும். வருடத்துக்கு ஒரே தவணை என்றால் 30 நாள் அவகாசம் உண்டு. நிலம் உள்ளவர் என்றால், சம்பா அறுத்துக் கொள்முதல் நிலையப் பணம் கணக்கில் ஏறியதுமே பிரீமியத் தொகையைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். புதுப்பிக்கும் தேதி நடவு நேரத்தில் வந்தால் கையில் இருப்பதெல்லாம் வயலுக்குப் போய்விடும். இரண்டு, மூன்று வருடத்துக்குச் சேர்த்துக் கட்டினால் பல கம்பெனிகள் தள்ளுபடி தருகின்றன.

நேர்மையாகச் சொன்னால், மாதாமாதம் உங்களை அரிப்பது பிரீமியத்தைவிட மாத்திரைச் செலவாகவும் இருக்கலாம். சர்க்கரை, கொதிப்பு மாத்திரைகளை மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டிலேயே வாங்கலாம், முதல்வர் மருந்தகத்திலும் மக்கள் மருந்தகத்திலும் விலை குறைவு. அங்கே மிச்சமாகும் பணத்தை பிரீமியத்துக்குத் திருப்பலாம்.

கம்பெனி எழுத்தில் தரும் பதில் திருப்தியாக இல்லாவிட்டால் சென்னையில் உள்ள காப்பீட்டு குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். மறுப்புக் கடிதம் வந்த ஒரு வருடத்துக்குள் எழுத வேண்டும். அதற்காகவாவது பாலிசி நகல்கள், ஒன்பது வருட ரசீதுகள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டு, அது எங்கே இருக்கிறது என்று மனைவியிடமும் மகனிடமும் சொல்லி வையுங்கள்.