எம்.எச். வண்டியும் தமிழ்நாட்டு நம்பரும்

கேள்வி: புணேயில் 14 வருடம் இருந்துவிட்டு ஏப்ரலில் கோவைக்கே திரும்புகிறோம். "காரை ஓட்டிக்கொண்டு போய்விடலாம், மற்றதை அங்கே பார்த்துக்கலாம்" என்கிறார் கணவர். சரிதானா? (வாசகி, புணே)

பதில்: என் வீட்டுக்காரரும் இதையேதான் சொன்னார். நாங்களும் நாக்பூரில் 19 வருஷம் குப்பை கொட்டியவர்கள். எம்.எச்.-31 (மகாராஷ்டிராவின் நாக்பூர்ப் பதிவு) வண்டியில் மூட்டை முடிச்சோடு ஜோராகக் கும்பகோணம் வந்து இறங்கினோம். அப்புறம் ஒரே ஒரு தாளுக்காக அவர் திரும்ப ரயில் ஏறினார்.

அந்தத் தாள்தான் என்.ஓ.சி. வண்டியை இன்னொரு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே புதுப் பதிவு எண் வாங்கியாக வேண்டும் என்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். அதற்குப் பழைய ஆர்.டி.ஓ. தரும் தடையின்மைச் சான்று வேண்டும். படிவம் 28. கட்டாத போக்குவரத்து அபராதச் சலான் ஒன்று கிடந்தாலும் சிக்கல்தான். கார் லோன் முடிந்திருந்தால் ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) வங்கியின் பெயர் இன்னும் இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். எங்களை ஓடவிட்டது அதுதான். கடன் அடைத்து நாலு வருஷம் ஆகியும் வங்கி மட்டும் ஆர்.சி.யில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

வரி விஷயம் இன்னும் வேடிக்கை. வண்டியின் வயதைப் பார்த்து இங்கே போடும் வரியை முதலில் கட்ட வேண்டும். புது ஆர்.சி. வந்த பிறகுதான், மகாராஷ்டிராவில் மிச்சமிருக்கும் காலத்துக்குக் கட்டிய வரியைத் திருப்பிக் கேட்கலாம். அதுவரை இரண்டு பக்கமும் உங்கள் பணம்தான். பழைய வண்டி என்றால் புணேயிலேயே விற்றுவிடச் சொல்வேன். மனசு கேட்காது, தெரியும்.

கேஸ் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் அங்கேயே ஒப்படைத்து, மாற்றல் வவுச்சர் வாங்கிக்கொள்ளுங்கள். ரேஷன் கார்டு இருந்தால் பெயர் நீக்கல் சான்று. வாக்காளர் பட்டியலுக்கு மட்டும் அவசரமில்லை, குடிவந்த பிறகு படிவம் 8 போதும்.

கேள்வி: மகள் ஏழாவது முடிக்கிறாள். தமிழ் பேசுவாள், ஓர் எழுத்து தெரியாது. மாநிலப் பாடத்திட்டத்தில் சேர்த்தால் சமாளிப்பாளா? (வாசகர், டெல்லி)

பதில்: 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்தாவது வரை தமிழ்ப் பாடம் உண்டு. பொதுத்தேர்வுக்கு அவளுக்கு இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது. பயப்படாதீர்கள், ஆனால் ஜூன் வரை காத்திருக்கவும் வேண்டாம்.

இந்தி படித்த பிள்ளை தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. என் பையனும் அங்கேதான் விழுந்தான். இந்தியில் க-வுக்கு நாலு எழுத்து, நமக்கு ஒன்றே ஒன்று. "எப்படிம்மா கண்டுபிடிக்கிறது?" என்று அழுதான். அப்போதுதான் நானே யோசித்தேன். பாக்கு, பங்கு, பகல் என்று மூன்றையும் எழுதிக் கொடுத்தேன். இரட்டித்தால் வன்மை, மெல்லினத்துக்குப் பின்னால் வந்தால் மென்மை, உயிரொலிகளுக்கு நடுவே தனியாக வந்தால் இன்னும் இளகும். எழுத்து குறைவு, இடம்தான் ஒலியைச் சொல்கிறது. இது பிடிபட்டதும் இரண்டே வாரத்தில் பஸ் போர்டுகளை வாசிக்க ஆரம்பித்தான். ர-ற, ந-ன-ண தகராறு வருஷக்கணக்கில் இருக்கும். எனக்கே இருக்கிறது.

மகளுக்கு மருத்துவப் படிப்பு ஆசை இருந்தால், ஆறாவது முதல் எங்கெங்கே படித்தாள் என்ற சான்றுகளைப் பத்திரமாக வையுங்கள். வெளிமாநிலத்தில் படித்த வருஷங்களுக்காக இருப்பிடச் சான்றும் (நேட்டிவிட்டி) கேட்பார்கள்.

கேள்வி: சொந்தக்காரர்களே "இந்திக்காரன் வந்துட்டான்" என்கிறார்கள். எரிச்சலாக இருக்கிறது. (வாசகர், மதுரை)

பதில்: எங்கள் தெருவில் என் பெயர் "நாக்பூர் அக்கா". ஆறு மாதம் முறைத்துப் பார்த்தேன், பலிக்கவில்லை. போன வாரம் பழக்கடையில் யாரோ, "இது உள்ளூர் ஆரஞ்சா, நாக்பூரா?" என்று கேட்டார். கடைக்காரர் பதிலே சொல்லாமல் ஒரு பழத்தை எடுத்து என் கையில் வைத்தார். முகர்ந்து பார்த்தேன். நாக்பூர்தான்.