ஸ்கூபா டைவிங்கில் ஒருவர் இறந்தால், மற்ற டைவர்கள் உடனே அவர்மேல் குறை கண்டுபிடிப்பது ஏன்? இது மனிதத்தன்மையா?

நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், உங்களுக்கு வேண்டிய யாரோ கடலுக்குள் போய்த் திரும்பவில்லை என்று தோன்றுகிறது. அவரை நேரில் பார்த்திராதவர்கள் எல்லாம் "காற்று மீட்டரைப் பார்த்திருக்க மாட்டார்", "பயிற்சி போதாது" என்று எழுதியதைப் படித்த வேதனையில் கேட்கிறீர்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன். அப்படி இல்லையென்றால் மன்னிக்கவும். எனக்கு இது பட்ட இடம், அதனால் பதில் நீளும்.

நான் தூத்துக்குடிக்காரன். வேலை சிங்கப்பூரில். இங்கே பல நாட்டுக்காரர்கள் சேர்ந்த ஒரு டைவிங் குழுவில் இருக்கிறேன். அதில் ஐம்பதைத் தாண்டிய திருநெல்வேலிக்காரர் ஒருவர் இருந்தார். அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். புதிதாக வருபவர்களுக்கு காலில் ஃபின் என்ற துடுப்பை மாட்டிவிடுவது முதல் படகில் எல்லாருக்கும் டீ ஊற்றிக் கொடுப்பது வரை அவர்தான். மலேசியாவின் தியோமான் தீவுக்குப் போயிருந்தபோது அவர் இறந்தார். எனக்குச் சளி பிடித்துக் காது அடைத்திருந்ததால் அன்று நான் இறங்கவில்லை, படகில் இருந்தேன்.

அவர் நிதானமாகத்தான் மேலே வந்தார். வந்ததும் சிலிண்டர் காற்றைச் சுவாசிக்கும் ரெகுலேட்டரை வாயிலிருந்து எடுத்துவிட்டு இரும ஆரம்பித்தார். "மூச்சு முட்டுது" என்றார். இழுத்து ஏற்றும்போது வெயிட் பெல்ட் இடுப்பிலேயே இருந்தது. கீழே இறங்குவதற்காகக் கட்டும் எடை அது, ஆபத்தில் கழற்றிவிட்டால் உடம்பு மிதக்கும். வாயோரம் இளஞ்சிவப்பாக நுரை. ஆக்சிஜன் கொடுத்தோம், மாறி மாறி நெஞ்சை அழுத்தினோம். கரை சேர்வதற்குள் போய்விட்டார்.

அன்று மாலையே குழுவின் வாட்ஸாப்பில் தொடங்கிவிட்டது. பயணத்துக்கே வராதவர்கள் "காற்று தீர்ந்திருக்கும்" என்றார்கள். ஒருவர் "பதறியடித்து மேலே வந்திருப்பார், நுரையீரல் கிழிந்திருக்கும்" என்று விளக்கமே எழுதினார். இன்னொருவர் அவருடைய தொப்பையைப் பற்றி எழுதினார். அண்ணாச்சியின் போன் அப்போது மதினி கையில் இருந்தது. அந்தக் குழுவிலிருந்து அண்ணாச்சியின் எண்ணை யாரும் நீக்கவில்லை. ஒவ்வொன்றாகத் திரையில் வந்து விழ, மதினி எல்லாவற்றையும் படித்திருக்கிறார். அடக்கம் முடிந்த பிறகு என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "அவரு பயந்துட்டாரா தம்பி?"

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். டைவர்கள் ஏன் இப்படிச் செய்கிறார்கள்? பயம். இறந்தவர் ஒரு தப்புப் பண்ணினார் என்று ஆகிவிட்டால், அந்தத் தப்பை நான் பண்ண மாட்டேன், ஆகவே எனக்கு நடக்காது என்று நிம்மதியாக அடுத்த வாரம் தண்ணீரில் இறங்கலாம். எல்லாம் சரியாகச் செய்தவரும் இறக்கலாம் என்று ஒப்புக்கொள்வது கஷ்டம். அந்த முதல்நாள் பேச்சை நான் மன்னிக்கத் தயாராக இல்லை. 2025 செப்டம்பரில் பாடகர் ஜுபின் கார்க் சிங்கப்பூரில் இறந்தபோது முதலில் எல்லா இடத்திலும் ஸ்கூபா விபத்து என்றுதான் செய்தி ஓடியது. பிறகுதான் அவர் நீந்தும்போது மூழ்கியது தெரிந்தது. அதற்குள் ஸ்கூபா கருவிகளில் என்ன கோளாறு என்று எத்தனை பேர் பாடம் எடுத்துவிட்டார்கள்!

ஆனால் இன்னொரு வகை அலசலும் இருக்கிறது. அதையும் இதையும் ஒன்றாகப் போட்டுத் திட்டாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். இன்று நாங்கள் உயிரோடு திரும்புவதற்கு அது ஒரு பெரிய காரணம்.

அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் நீருக்கடிக் குகைகளில் போனவர்கள் 1960களிலும் 70களிலும் கொத்துக் கொத்தாக இறந்தார்கள். ஷெக் எக்ஸ்லி என்ற குகை டைவர் உடல்களை மீட்கப் போனவர். ஒவ்வொரு சாவும் எப்படி நடந்தது என்று அவர் ஆராய்ந்து 1979இல் ஒரு சிறு கையேடாக வெளியிட்டார். வாசல்வரை அறுபடாத ஒரு வழிகாட்டிக் கயிறு வேண்டும். காற்றில் மூன்றில் ஒரு பங்கு உள்ளே போக, ஒரு பங்கு திரும்ப, மீதிப் பங்கு ஆபத்துக்கு. இந்த விதிகளெல்லாம் செத்தவர்களின் கதைகளிலிருந்து எடுக்கப்பட்டவை. அந்தக் குகை வாசல்கள் பலவற்றில் இன்று எமன் படம் போட்ட எச்சரிக்கைப் பலகை இருக்கிறது. எக்ஸ்லியே 1994இல் மெக்சிகோவின் சகத்தோன் என்ற குழியில் 300 மீட்டருக்கும் கீழே போக முயன்று இறந்தார். அவருடைய சாவையும் அவர் நண்பர்கள் அலசினார்கள். அதில் அவமரியாதை எதையும் நான் பார்க்கவில்லை.

பிரிட்டிஷ் சப்-அக்வா கிளப் ஆண்டுதோறும் விபத்து அறிக்கை வெளியிடுகிறது, பெயர்கள் இல்லாமல். 1980இல் தொடங்கிய டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் என்ற டைவிங் பாதுகாப்பு அமைப்பு, சுருக்கமாக டான், இதே வேலையைச் செய்கிறது. 1992 முதல் 2003 வரை நடந்த 947 பொழுதுபோக்கு டைவிங் மரணங்களை அவர்களுடைய ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தார்கள். எங்கே தொடங்கியது என்று கண்டுபிடிக்க முடிந்தவற்றில் 41 சதவீதம் காற்றுப் பற்றாக்குறை. உயிரைப் பறித்த பாதிப்பு எது என்று பார்த்தால், ஏறத்தாழ கால்வாசிக்கு இதயக் கோளாறு. இறந்த டைவர்களில் பெரும்பாலோர் வெயிட் பெல்ட்டைக் கழற்றாமலேயே கண்டெடுக்கப்படுகிறார்கள் என்பதும் இப்படிப்பட்ட அறிக்கைகளிலிருந்துதான் தெரியவந்தது.

இறந்தவர்மேல் பழியே இல்லாத விபத்துகளும் உண்டு. 2019 செப்டம்பரில் கலிஃபோர்னியாவில் கன்செப்ஷன் என்ற டைவிங் படகு இரவில் தீப்பிடித்து 34 பேர் இறந்தார்கள். தூங்கிக்கொண்டிருந்தவர்கள். இரவுக் காவலுக்கு யாரையும் போடாததற்காக அந்தப் படகின் கேப்டனுக்குப் பிறகு சிறைத்தண்டனை கிடைத்தது. 2014இல் நார்வேயின் ப்ளூரா குகையில் இரண்டு ஃபின்லாந்து டைவர்கள் இறந்தபோது, உடல்களை எடுப்பது மிகவும் ஆபத்து என்று அதிகாரப்பூர்வ முயற்சி கைவிடப்பட்டது. அடுத்த மாதமே அவர்களுடைய நண்பர்கள் அனுமதி இல்லாமல் இறங்கி உடல்களைக் கொண்டுவந்தார்கள். டைவிங் சமூகம் என்றால் இவர்களும்தான்.

அண்ணாச்சி விஷயத்துக்குத் திரும்புகிறேன். முதலில் பார்த்த மருத்துவமனையில் நீரில் மூழ்கி இறந்ததாகத்தான் எழுதினார்கள். எங்கள் பயிற்சியாளர், அறுபது வயதுச் சீனப் பெண்மணி, அதை அப்படியே விடவில்லை. குழுவில் ஊகம் எழுதுவதை நிறுத்தச் சொன்னார். ஆழத்தையும் நேரத்தையும் பதிவுசெய்யும் அண்ணாச்சியின் டைவ் கம்ப்யூட்டரையும் மருத்துவ அறிக்கையையும் டைவிங் மருத்துவம் தெரிந்த ஒரு டாக்டரிடம் கொண்டுபோனார். சிலிண்டரில் பாதிக்குமேல் காற்று இருந்தது. மேலே வந்த வேகம் சரியாக இருந்தது, வழியில் நிற்க வேண்டிய இடத்தில் நின்றும் இருந்தார். இதயம் வீங்கியிருந்தது. தண்ணீரில் மூழ்கும்போது கை கால்களில் இருக்கும் ரத்தம் நெஞ்சுப் பக்கம் தள்ளப்படும். ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்குச் சில சமயம் நுரையீரலுக்குள் நீர் கசிந்து, காற்று இருந்தும் மூச்சுத் திணறும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது பதற்றம்போலத் தெரியும், பிரேதப் பரிசோதனையில் மூழ்கியதுபோலத் தெரியும். அண்ணாச்சிக்கு நடந்தது அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்றார் டாக்டர்.

மதினிக்குப் போன் செய்து சொன்னேன்: "அவங்க பயப்படல மதினி. முறைப்படி நின்னு நிதானமாத்தான் மேல வந்திருக்காங்க." அவர் வெகுநேரம் அழுதார். அதற்குப் பிறகுதான் சரியாகத் தூங்கினேன் என்று பின்னால் சொன்னார்.

மதினியின் சம்மதத்தோடு, சில மாதங்கள் கழித்துப் பயிற்சியாளர் எங்களை உட்காரவைத்து எல்லாவற்றையும் விளக்கினார். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுவதை அண்ணாச்சி மருத்துவப் படிவத்தில் எழுதவில்லை. எழுதினால் டாக்டர் சான்றிதழ் கேட்பார்கள், பயணம் கைவிட்டுப் போகும். இதைச் சொல்வது பழி போடுவதாகாதா என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மதினியே அதைச் சொல்லச் சொன்னார். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு நாற்பத்தைந்தைத் தாண்டிய பலர் இதயப் பரிசோதனைக்குப் போனார்கள். முதல்நாள் வாட்ஸாப் பேச்சால் ஒருவர்கூடப் போகவில்லை.

"லட்சக்கணக்கானோர் பத்திரமாகப் போய்வருகிறார்கள், ஏன் பயமுறுத்துகிறாய்" என்று கருத்துப் பகுதியில் சிலர் வருவார்கள் என்று தெரியும். நானும் இன்றுவரை டைவிங் போகிறவன்தான். நான் டாக்டர் இல்லை, கேட்டதைச் சொல்கிறேன். அதே சமயம் "நீச்சலே தெரியாவிட்டாலும் பரவாயில்லை, வாங்க" என்று விளம்பரம் செய்துவிட்டு, விபத்து நடந்ததும் ஒரு வார்த்தை வெளியே வராமல் பார்த்துக்கொள்ளும் கடைக்காரர்களைவிட, வெளிப்படையாக அலசுபவர்கள் எவ்வளவோ மேல்.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லாவிட்டாலும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் ஊர்ப் பக்கம் சங்கு குளிப்பவர்கள் இருக்கிறார்கள். படகில் ஒரு கம்ப்ரஸர், அதிலிருந்து ஒரு டியூப், அதைக் கடித்துக்கொண்டு மணிக்கணக்கில் கீழே. கம்ப்யூட்டர் கிடையாது, நின்று நிதானமாக மேலே வரவேண்டும் என்று சொல்லிக்கொடுக்க ஆளும் கிடையாது. கம்ப்ரஸர் எஞ்சின் புகையையே உள்ளே இழுத்தாலும் கேட்பாரில்லை. எங்கள் தெருவில் ஒரு மாமா சிறு வயதிலேயே கால் விளங்காமல் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். "கடல் காத்து அடிச்சிடுச்சு" என்பார்கள். அது, ஆழத்தில் சுவாசித்த காற்றின் நைட்ரஜன், வேகமாக மேலே வரும்போது உடம்பில் குமிழி கட்டியதால் வந்தது என்று எனக்கே டைவிங் கற்றபிறகுதான் புரிந்தது. உல்லாசத்துக்கு இறங்கும் எங்களில் ஒருவர் செத்தால் உலகம் முழுக்க அலசுகிறார்கள். பிழைப்புக்கு இறங்கியவர் செத்தால் உள்ளூர்ப் பேப்பரில் நாலு வரி. இவர்களுக்கு யார் அறிக்கை எழுதுவது?

சரி, உங்களுக்கு. நான் நினைத்ததுபோல நீங்கள் ஒருவரை இழந்தவர் என்றால், இப்போதைக்கு அந்தப் பதிவுகளைப் படிக்காதீர்கள். அவருடைய போனிலிருந்து அந்தக் குழுக்களை எடுத்துவிடுங்கள். டைவ் கம்ப்யூட்டரையும் சிலிண்டர், ரெகுலேட்டரையும் யாரும் கழுவவோ கழற்றவோ விடாமல், அப்படியே போலீசிடம் ஒப்படைக்கப்பட்டதா என்று கேளுங்கள். மீட்டரில் எவ்வளவு காற்று இருந்தது, வால்வை மூடும்போது எத்தனை சுற்றுச் சுற்றினார்கள் என்று குறித்தார்களா என்றும் கேளுங்கள், அந்தச் சுற்றுக் கணக்கிலிருந்து வால்வு எவ்வளவு திறந்திருந்தது என்பது தெரியும். பிரேதப் பரிசோதனை செய்தவர் கம்ப்யூட்டர் பதிவைப் பார்த்தாரா என்பதையும் விசாரியுங்கள். டானுக்கு விபத்து விவரம் யார் வேண்டுமானாலும் அனுப்பலாம், குடும்பத்தாரும் அனுப்பலாம்.