கையெழுத்து மட்டும் போட்டால் போதுமா?

‘அக்கா, அமெரிக்காவில் பெண்களின் நிறுவனங்களுக்கு அரசு ஒப்பந்தங்களில் ஐந்து சதவீதம் ஒதுக்கீடாமே? என் வீட்டுக்காரர் ஏசி மெக்கானிக். என் பெயரில் பதிந்துவிட்டு அவர் நடத்தினால் ஆகாதா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். கிரீன் கார்டோடு மேரிலாந்து வந்து நான்கு மாதம்தான் ஆகிறது என்கிறீர்கள். நான் அங்கே போய் 19 ஆண்டுகள் ஆகின்றன. இப்போது விடுமுறைக்கு அம்பத்தூர் வந்திருக்கிறேன். நேரம் இருப்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டை ஒட்டி அப்பாவின் லேத் பட்டறை. பெயர்ப்பலகையில் உரிமையாளர் அம்மா. அப்பா காசோலைப் புத்தகத்தை அடுப்படிக்கே எடுத்து வருவார். அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வரிசையாகப் பத்துத் தாள்களில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் குழம்பைக் கிளறப் போய்விடுவார். எதில் எவ்வளவு தொகை என்று கேட்டதே இல்லை. இந்தப் பழக்கத்தை விமானத்தில் ஏற்றிவிடாதீர்கள்.

அங்கே மத்திய அரசின் மகளிர் திட்டத்தில் 51 சதவீதப் பங்கு பெண்ணிடம் இருப்பது முதல் படிதான். தலைமைப் பொறுப்பும் அன்றாட நிர்வாகமும் அவளிடமே இருக்க வேண்டும். நான் அளவுக்கருவிகளைச் சரிபார்த்துத் தரும் சிறு நிறுவனம் நடத்துகிறேன். எங்கள் நிறுவன உடன்படிக்கையில், ‘முக்கிய முடிவுகளுக்குக் கணவன், மனைவி இருவரின் சம்மதமும் தேவை’ என்று ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரிக்காக, மகளிர் நிறுவனம் என்ற சான்றிதழுக்கு நான் போட்ட விண்ணப்பம் திரும்பி வந்தது. கணவர் தடுக்க முடியுமென்றால் கட்டுப்பாடு என்னிடம் இல்லை என்பது அதிகாரிகளின் கணக்கு. வரியை நீக்கினோம், வீட்டுக்காரருக்கு ஒரு வாரம் முகம் சரியில்லை. பினாமியாக நடத்திப் பிடிபட்டால் அது கிரிமினல் குற்றம்.

‘ஒதுக்கீடு’ என்றதும் நம் ஊர் இடஒதுக்கீடு போல நினைக்க வேண்டாம். ஐந்து சதவீதம் என்பது 1994இல் சட்டம் வைத்த இலக்கு. அதை அரசு முதன்முதலில் எட்டியது 2015 நிதியாண்டில்! பெண்களின் நிறுவனங்களுக்கென்று வேலைகளை ஒதுக்குவது எல்லாத் தொழில்துறைக்கும் கிடையாது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தவிர, அந்தச் சான்றிதழுக்கு அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். உங்களுக்கு இப்போது கிடைக்காது. அதற்காகச் சோர்ந்துவிடாதீர்கள். சிறு நிறுவனம் என்ற பொதுப் பிரிவில் உரிமையாளரின் குடியுரிமையைக் கேட்பதில்லை. அதற்கான இலக்கும் பெரிது, 23 சதவீதம். குறைந்தது இரண்டு சிறு நிறுவனங்களாவது நியாயமான விலைக்கு முன்வரும் என்று அதிகாரி கருதினால், குறிப்பிட்ட வரம்புக்குட்பட்ட வேலைகளைச் சிறு நிறுவனங்களுக்கென்றே ஒதுக்க வேண்டும். மேரிலாந்து மாநில அரசின் சிறுபான்மையினர் திட்டமும் கிரீன் கார்டுக்காரர்களை ஏற்கிறது. பெண்களும் அதில் அடக்கம்.

பெரிய ஒப்பந்தம் எடுத்த நிறுவனங்களிடம் துணை ஒப்பந்தம் கேட்டுப் போவதும் நல்ல வழி. எனக்கு முதல் வேலை அப்படித்தான் வந்தது: ஒரு பெட்டி நிறைய மைக்ரோமீட்டர்கள். மத்திய அரசு ஒப்பந்தங்களை நாடும் நிறுவனங்கள் பதிந்துகொள்ளும் ‘சாம்’ (SAM.gov) இணையதளத்தில் பதிவு செய்யக் கட்டணம் இல்லை. பதிந்த மறுநாளே பணம் கேட்டு மின்னஞ்சல்கள் வரும். படிக்காமல் அழித்துவிடுங்கள்.

ஒன்று கேட்க மறந்தேன். வீட்டுக்காரர் தொழிலை எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு என்ன தொழில் தெரியும்?