பிரஷர் உள்ளவர்கள் கேட்டவை: உப்புப் பாக்கெட்டிலிருந்து மாத்திரை வரை

மருத்துவமனையில் உணவு ஆலோசகராக இருக்கிறேன். ரத்த அழுத்தம் பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு வரிசையாகப் பதில் சொல்கிறேன். மாத்திரையைக் கூட்டுவது, குறைப்பது மட்டும் உங்கள் டாக்டர் முடிவு.

கேள்வி (திருச்சி): வீட்டில் நாலு பேர். கணவருக்கு 150/95 இருக்கிறது, உப்பைக் குறைக்கச் சொல்கிறார்கள். நான் கொஞ்சமாகத்தான் போடுகிறேன். இன்னும் எவ்வளவு குறைப்பது?

அக்கா, எல்லோருமே கொஞ்சமாகத்தான் போடுகிறோம் என்று சொல்கிறார்கள், அதனால் கையை நம்பாமல் பாக்கெட்டை வைத்துக் கணக்குப் போடுங்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது தலை தட்டிய ஒரு டீஸ்பூன். நாலு பேருக்கு 20 கிராம். அப்படிப் பார்த்தால் ஒரு கிலோ பாக்கெட் 50 நாள் வரவேண்டும். புதுப் பாக்கெட்டைப் பிரிக்கும்போது அதன் மேலேயே தேதியை எழுதிவிடுங்கள். மீன் கழுவவும் காய் அலசவும் வேறு டப்பாவில் உப்பு வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் கணக்கு தப்பிவிடும். 25 நாளில் தீர்ந்துபோனால் தேவையைப் போல் இரண்டு மடங்கு உள்ளே போகிறது என்று அர்த்தம். ஊறுகாய், பிஸ்கெட், மிக்சரில் இருக்கும் உப்பு இதில் சேரவே இல்லை.

குறைப்பதை எங்கே தொடங்குவது? சோறு வடிக்கும்போது போடும் உப்பு, சப்பாத்தி மாவில் போடுவது, மோரில் கலப்பது, இந்த மூன்றையும் முதலில் நிறுத்துங்கள். பெரும்பாலும் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். இட்லி சாப்பிடும் வேளையைப் பாருங்கள்: மாவில் உப்பு, சாம்பாரில் உப்பு, சட்னியில் உப்பு, பொடியில் உப்பு. நாலிலும் முழு உப்பு எதற்கு? சட்னியில் பாதியாக்கி எலுமிச்சை பிழியுங்கள், பொடியை விடுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் குறைத்தால் வீட்டில் சண்டைதான் வரும். மெதுவாகக் குறைத்தால் சில வாரங்களில் நாக்கு பழகிவிடும், அப்புறம் ஓட்டல் குழம்பு கரிக்கும்.

கேள்வி (கோவை): இந்துப்புக்கு மாறினால் பிரஷர் குறையுமா?

குறையாது. இந்துப்பும் பெரும்பகுதி அதே சோடியம் குளோரைடுதான், நிறம்தான் வேறு. போதாக்குறைக்கு பல பிராண்டுகளில் அயோடின் சேர்ப்பதில்லை.

சோடியத்தில் ஒரு பங்கைக் குறைத்து பொட்டாசியம் சேர்த்த உப்பு கடைகளில் கிடைக்கிறது, அது வேறு விஷயம். சீனக் கிராமங்களில் சுமார் 21,000 பேரிடம் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், அந்த உப்புக்கு மாறியவர்களிடம் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்திருந்தது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், டெல்மிசார்டன், எனாலாப்ரில், ஸ்பைரனோலாக்டோன் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடக்கூடாது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் இளநீருக்கும் இதே எச்சரிக்கைதான்.

கேள்வி (தூத்துக்குடி): கருவாடு, ஊறுகாய், அப்பளம் எதையுமே சாப்பிடக்கூடாதா?

அண்ணே, தினமும் கூடாது. அப்பளத்தில் உப்பு மட்டுமில்லை, அப்பளக்காரமும் சோடியம்தான். கருவாடு என்றைக்காவது வேண்டுமென்றால் வெந்நீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, குழம்பில் தனியாக உப்பே போடாமல் செய்யச் சொல்லுங்கள். மற்ற நாளில் பச்சை மீன் இருக்கிறதே, உங்கள் ஊரில் அதற்கா பஞ்சம்!

கேள்வி (குவைத், ஓட்டுநர்): மூன்று வேளையும் வெளிச் சாப்பாடு, வயது 38, பிரஷர் 148/96. அறையில் இருப்பவர்கள் குறட்டை தாங்க முடியவில்லை என்கிறார்கள். என்ன செய்ய?

தம்பி, சாப்பாட்டை விட அந்தக் குறட்டைதான் என் கண்ணில் முதலில் படுகிறது. குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று நின்று வருகிறதா என்று அவர்களிடமே கேளுங்கள். பகலில் வண்டி ஓட்டும்போது கண் சொக்குகிறதா? இரண்டில் ஒன்று இருந்தாலும் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள், தூக்கத்தில் மூச்சு தடைபடுவது பிரஷரை ஏற்றும், ஸ்டியரிங் பிடிக்கிறவருக்கு அது இரட்டை ஆபத்து.

சாப்பாட்டில், குபூஸ் ரொட்டியை கிரேவியில் முக்கி எடுக்காமல் சுட்ட கோழி, பருப்பு, வெள்ளரி, தக்காளியோடு சாப்பிடுங்கள். நூடுல்ஸ் செய்தால் மசாலாப் பொட்டலத்தில் பாதிக்கு மேல் போடாதீர்கள். உடம்பு கூடுதலாக இருந்தால் குறைக்கிற ஒவ்வொரு கிலோவுக்கும் பிரஷரின் மேல் எண் (உங்களுக்கு அந்த 148) ஏறக்குறைய ஒரு புள்ளி இறங்கும். வாரத்தில் 150 நிமிடம் வேக நடை போதும், டூட்டி முடிந்து பத்து பத்து நிமிடமாகப் பிரித்து நடந்தாலும் கணக்குதான். சிகரெட் இருந்தால் விட்டுவிடுங்கள்.

கேள்வி (சேலம்): வீட்டு மெஷினில் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு அளவு காட்டுகிறது. எதை நம்புவது?

மெஷினைக் குறை சொல்வதற்கு முன் உட்காரும் விதத்தைப் பாருங்கள். சிறுநீர் கழித்துவிட்டு, நாற்காலியில் முதுகு சாய்த்து, கால் மேல் கால் போடாமல், பாதம் தரையில் பதிய 5 நிமிடம் சும்மா இருங்கள். கை, நெஞ்சு உயரத்தில் மேசை மேல் இருக்கட்டும். பட்டையைச் சட்டை மேல் கட்டக்கூடாது. காபி குடித்து அரை மணியாவது ஆகியிருக்க வேண்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுத்து எழுதுங்கள், காலையில் மாத்திரைக்கு முன்பும் மாலையிலும், ஒரு வாரம். அந்த நோட்டைப் பார்த்தால் டாக்டருக்கு நிறையப் புரியும். வீட்டில் எடுக்கும்போது தொடர்ந்து 135/85க்கு மேல் இருந்தால் அதிகம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி (மதுரை): அம்மா ராமிப்ரில் மாத்திரை சாப்பிடுகிறார். இரண்டு மாதமாக வறட்டு இருமல், அதற்கு தினமும் அதிமதுரம் போட்டுக் கஷாயம் குடிக்கிறார். இப்போது பிரஷர் ஏறுகிறது, ஏன்?

நல்லவேளை கேட்டீர்கள். ராமிப்ரில், எனாலாப்ரில் வகை மாத்திரைகளே சிலருக்கு வறட்டு இருமலைக் கொண்டுவரும். அதை சளி என்று நினைத்து அம்மா அதிமதுரம் எடுக்கிறார், ஆனால் அதிமதுரத்தைத் தொடர்ந்து சாப்பிட்டால் உடம்பில் உப்பும் நீரும் தங்கும், பொட்டாசியம் இறங்கும், பிரஷர் ஏறும். கஷாயத்தை இன்றே நிறுத்துங்கள், மாத்திரையை நிறுத்தாமல் இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். இருமல் வராத வேறு மாத்திரை இருக்கிறது, மாற்றித் தருவார். மூட்டு வலிக்கென்று கடையில் வாங்கும் டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபெனும் பிரஷரை ஏற்றும் என்பதையும் அம்மாவிடம் சொல்லிவையுங்கள்.

கேள்வி (கிருஷ்ணகிரி): அப்பாவுக்கு 126/80க்கு வந்துவிட்டது. தலைவலி, மயக்கம் எதுவும் இல்லை. மாத்திரையை நிறுத்திவிட்டு பூண்டும் முருங்கைக்கீரையும் கொடுக்கலாமா?

கீரையைத் தாராளமாகக் கொடுங்கள், பூண்டும் கொடுங்கள், மாத்திரைக்குப் பதிலாக வேண்டாம். 126 வந்திருப்பதே மாத்திரை சாப்பிடுவதால்தான் இருக்கும். பிரஷர் ஏறினால் தலைவலி வரும் என்று காத்திருக்காதீர்கள், பெரும்பாலானவர்களுக்கு எந்த அறிகுறியும் காட்டாது. எடை குறைந்து, உப்பு குறைந்து, அளவு தொடர்ந்து நன்றாக இருந்தால் டாக்டரே குறைப்பார். மாத்திரைச் செலவு பிரச்சினை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே தருகிறார்கள், 2021இல் உங்கள் மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்தும் கொடுக்கிறார்கள்.

ஆனால் எப்போதாவது 180/120ஐத் தாண்டி, அதோடு நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், வாய் கோணுவது, பேச்சுக் குழறுவது என்று ஏதாவது தெரிந்தால் கீரை, கஷாயம் என்று ஒரு நிமிடம்கூட வீணாக்காமல் 108ஐ அழையுங்கள்.