காம்ப்ளிமென்ட் தடுப்பு மருந்தும் ஸ்டீராய்டு மாதிரிதானா?

சிவப்பணுக்கள் ரத்தத்திலேயே உடைந்துபோகும் பிஎன்எச் என்ற அரிய நோய்க்கு எக்குலிசுமாப் என்ற காம்ப்ளிமென்ட் தடுப்பு மருந்தை எழுதியிருக்கிறார்கள், இதுவும் ஸ்டீராய்டு மாதிரி எதிர்ப்புச் சக்தியை அடக்குகிற மருந்துதானே என்று கேட்டிருக்கிறீர்கள். ரத்தவியல் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: இரண்டும் வேறு வேறு.

ஸ்டீராய்டு எதிர்ப்பு மண்டலத்தைப் பரவலாகத் தணிக்கும். எக்குலிசுமாப் சி5 என்ற ஒரே புரதத்தைப் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். காம்ப்ளிமென்ட் என்பது எதிர்ப்பு மண்டலத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட புரதங்கள் கொண்ட கூட்டம், சி5 அதில் ஒன்று. கிருமியைக் கண்டால் ஒன்று அடுத்ததை உசுப்பிவிட்டு, கடைசியில் சி5 உடைந்து கிருமியின் உறையில் துளை போடும். நம் செல்கள் தப்பிப்பது சிடி55, சிடி59 என்ற காவல் புரதங்களால். பிஎன்எச்சில் ரத்த அணுக்களை உருவாக்கும் மஜ்ஜையின் ஸ்டெம் செல்லில் ஒரு மரபணு கெட்டுப்போவதால், இவை சிவப்பணுவின் மேல் ஒட்டுவதில்லை. அப்புறம் என்ன, சொந்தச் சிவப்பணுவிலேயே துளை விழுந்து அது உடையும். உடைந்த அணுவின் நிறமி இறங்கிச் சிறுநீர் கறுப்பதைப் பார்த்துத்தான் எல்லோரும் பயப்படுவார்கள். உயிருக்கு உலை வைப்பது பெரும்பாலும் ரத்தக்கட்டு.

2007-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற எக்குலிசுமாப் இந்தத் துளையைத் தடுத்தது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஏற்ற வேண்டும். பின்னால் வந்த ராவுலிசுமாப் எட்டு வாரம் தாங்கும். பிஎன்எச் தன்னுடல் தாக்குநோய் இல்லை. ஆனால் தசைகள் பலவீனமாகும் மயஸ்தீனியா கிராவிஸ் அந்த வகைதான். அதில் ஆன்டிபாடிகள் காம்ப்ளிமென்டை ஏவிவிட்டு நரம்பும் தசையும் சேரும் இடத்தைச் சிதைக்கின்றன, அதனால் அங்கும் இதே மருந்து உதவுகிறது.

சிலருக்கு ஊசி போட்டும் ஹீமோகுளோபின் ஏறாது. சி5-ஐ மட்டும் நிறுத்தினால் அதற்கு முந்தைய படியான சி3 புரதம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அது சிவப்பணுவில் படிய, கல்லீரலும் மண்ணீரலும் அந்த அணுவை அப்புறப்படுத்தும். அதனால்தான் சி3-ஐயே தடுக்கும் பெக்செட்டாகோப்ளான், அதே கூட்டத்தின் இன்னொரு புரதமான ஃபேக்டர் பி-யைத் தடுக்கும் இப்டாகோபான் மாத்திரை எல்லாம் வந்தன. எதுவுமே நோயின் வேரைப் பிடுங்காது. தானாக மருந்தை நிறுத்தினால் சிவப்பணுக்கள் மறுபடி உடையும்.

மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் மெனிங்கோகாக்கஸ் கிருமியை ஒழிக்க அந்தத் துளைதான் முக்கிய ஆயுதம். அதை நாமே முடக்குவதால் முதல் டோசுக்கு இரண்டு வாரம் முன்பாவது அந்தக் கிருமிக்கான தடுப்பூசி போடச் சொல்கிறார்கள். அவசரமென்றால் ஆன்டிபயாட்டிக் கொடுத்தபடியே தொடங்குவார்கள். தடுப்பூசி போட்டிருந்தாலும் முழுப் பாதுகாப்பு இல்லை. காய்ச்சலோ கடும் தலைவலியோ வந்தால், நடுராத்திரியானாலும் உடனே மருத்துவமனைக்குப் போய் இந்த மருந்தின் பெயரை முதலில் சொல்லுங்கள்.