எதனோல் எடுத்த சோளச் சக்கையை நாம் சாப்பிடலாமா?

சோளத்தில் எதனோல் என்ற எரிபொருள் மதுசாரத்தை வடித்தபின் மிஞ்சும் சக்கையில் இவ்வளவு புரதம் இருக்கிறதே, மாட்டுக்கு வாங்கிய மூட்டையிலிருந்து கொஞ்சம் எடுத்து ரொட்டி சுட்டால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். செங்கலடிப் பக்கம் சேனையில் சோளன் போடுகிற வீடு எங்களுடையது, பட்டியில் மாடும் நிற்கிறது. தெரிந்ததைச் சொல்கிறேன்.

சக்கை என்றால் சத்துப் போனது என்று நினைக்க வேண்டாம். புளிக்க வைக்கிற ஈஸ்ட் தின்பது மாச்சத்திலிருந்து வரும் சர்க்கரையை மட்டும்தான். 100 கிலோ சோளத்தில் ஏறத்தாழ 40 லீற்றர் எதனோல் கிடைக்கும், காய்ந்த சக்கை 30 கிலோவளவில் மிஞ்சும். புரதமும் கொழுப்பும் நாரும் அதற்குள் ஒதுங்கிவிடும். சோளத்தில் 8, 9 சதவீதமாக இருந்த புரதம் சக்கையில் 27, 30 என்று ஏறுவது அப்படித்தான். அமெரிக்காவில் தெற்கு டகோட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இதை மாவாக்கி, கோதுமை மாவோடு கலந்து சப்பாத்திகூடச் சுட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

ஆனால் ஒதுங்குவது சத்து மட்டுமில்லை. ஒரு பெரும்போகத்தில் அறுவடை நேரம் மழை பிடித்துக்கொண்டது. மடலை உரித்தால் கதிர் நுனியில் மஞ்சள் கலந்த பச்சைத் தூள், விரலில் ஒட்டியது. அம்மா அந்தக் கதிர்களைக் கோழிக்குக்கூடப் போட விடவில்லை. அந்தப் பூஞ்சணம் விடுகிற அஃப்ளாடொக்சின் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு. புளிக்க வைத்தாலும் வடித்தாலும் அது அழியாது. சோளத்தில் இருந்ததுபோல மூன்று மடங்கு செறிவாகச் சக்கையில் நிற்கும். எரிபொருள் ஆலைகளில் வேண்டாத பக்டீரியாவை அடக்க நுண்ணுயிர்க்கொல்லி மருந்து சேர்ப்பதும் உண்டு.

நம்மிடம் எள்ளுப் புண்ணாக்கு இருக்கிறதே, செக்கிலிருந்து எடுத்த சூட்டோடு சர்க்கரை வைத்துத் தின்போம். தேங்காய்ப் புண்ணாக்கு மட்டும் மாட்டுக்குப் போகும். இரண்டும் எண்ணெய் எடுத்த மிச்சம்தான். மனிதர் தின்பதற்கென்று ஆரம்பத்திலிருந்தே சுத்தமாகச் செய்தால் சோளச் சக்கையும் நல்ல உணவாகும், அது நடக்க வேண்டும் என்றுதான் எனக்கும் ஆசை. ஆனால் தீன் மூட்டையில் இருப்பது அப்படிச் செய்ததில்லை. தயவுசெய்து பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

புரதம்தான் தேவை என்றால், சோளன் மாவில் தேங்காய்ப்பூ போட்டு ரொட்டி சுட்டு, பக்கத்தில் அவித்த கௌப்பி வையுங்கள். சோளத்தில் குறைவாக உள்ள லைசின் என்ற புரதக்கூறு கௌப்பியில் தாராளமாக இருக்கிறது.